ஒளிரும் கரைசலைச் சீரத்திலும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழச்சாற்றிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஒளிரும் கார்பன் நுண்துகள்களைத் தயாரித்து, அவற்றைக் கொண்டு ரத்தத்தில் இரும்பை அளந்துவிடலாம் என்று கல்லூரி ஆய்வுக்கூடங்களிலிருந்து வரும் செய்திகளை மகிழ்ச்சியோடு வாசிக்கிறேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில், அச்செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் சோதனைகளைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்ட இத்துகள்கள், பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறியவை. காட்மியம் போன்ற நச்சு உலோகம் தேவைப்படாதவை. தயாரிப்பும் எளிது. சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமீனையும் நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட எஃகுக் கலனில் அடைத்து, 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் பழுப்புநிறக் கரைசல் கிடைக்கும். புறஊதா விளக்கின் கீழ் அது நீலமாக ஒளிரும். ஆனால், அந்த ஒளியில் கணிசமான பங்கு, துகள்களோடு சேர்ந்து உருவாகும் சிறு மூலக்கூறுகளிலிருந்து வரக்கூடும். கரைசலை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே கசியவிடும் டயாலிசிஸ் பையில் கட்டி வடிநீரில் இட்டால், சிறிது நேரத்தில் வெளியே உள்ள நீரும் விளக்கடியில் நீலமாக ஒளிர்வதை மாணவர்கள் கண்ணாலேயே காணலாம். அந்த நீரை மாற்றி மாற்றி, அதில் ஒளிர்வு அடங்கும்வரை பொறுத்திராமல், ஒளிர்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் குயினைன் சல்பேட்டோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் ஒளிர்வுத் திறன் எதனுடையது? எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் துகள் தெரிவதாலேயே ஒளியும் அதனுடையது என்று ஆகிவிடாது.

இரும்பை அறியும் சோதனைக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஃபெரிக் அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற இரும்பு, சேர்ந்ததும் ஒளி மங்குவது உண்மைதான். எனினும் அந்த அயனி புறஊதாக் கதிரைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், துகளோடு வினைபுரியாமலேயே ஒளியை மங்கச் செய்ய முடியும். உறிஞ்சலுக்கான திருத்தத்தைச் செய்து, ஒளிர்வு ஆயுட்காலத்தையும் (கதிர் பட்டபின் ஒளிர்வு அடங்க எடுக்கும் நேரம்) அளந்த பிறகே காரணத்தைச் சொல்ல வேண்டும். மேலும், ரத்தத்தில் இரும்பு வெறும் உப்பாகக் கரைந்து கிடப்பதில்லை. பெரும்பகுதி ஹீமோகுளோபினிலும், சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) உள்ளது டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்திலும் பிணைந்திருக்கிறது. சீரமே புறஊதா ஒளியில் ஓரளவு ஒளிரவும் செய்யும். வடிநீரில் ஃபெரிக் குளோரைடைக் கரைத்துப் பெற்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு, ரத்தசோகைக்குப் புதிய பரிசோதனை தயார் என்று அறிவிப்பது நோயாளிகளுக்குச் செய்யும் நியாயமாகாது.

இவ்வளவு கருவிகளும் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை என்பதை அறிவேன். சென்னை ஐஐடியின் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்றவை வெளிக் கல்லூரிகளின் மாதிரிகளையும் கட்டணம் பெற்று ஆய்ந்து தருகின்றன. மாணவர் திட்டப்பணிக்கான நிதியில் அக்கட்டணத்துக்கும் இடம் ஒதுக்குமாறு கல்லூரி நிர்வாகங்களையும், செய்தியை வெளியிடுமுன் சீரத்தில் சோதித்தார்களா என்று கேட்டறியுமாறு தங்கள் நிருபர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை.