501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்

ஆசிரியருக்கு,

கோடை வந்தால் கரண்ட் பில் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. பில் தொகையை யூனிட்டால் வகுத்து, "சராசரி ஐந்து ரூபாய்கூட இல்லையே" என்கிறார்கள் சிலர். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு இந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. கடைசியாக ஓடிய யூனிட் எந்தக் கட்டணப் படியில் விழுந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 ஜூலையில் உயர்த்திய கட்டணப்படி போட்ட கணக்கு இது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாவிட்டால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500 யூனிட்டுக்கு ஆகமொத்தம் 1,805 ரூபாய். மீட்டர் 501 காட்டினால் இரண்டாவது நூறுக்கான பாதி விலைச் சலுகை பறிபோய் அதற்கும் 4.70 ஆகிறது. 501-லிருந்து 8.40. பில் 2,048 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டுக்கு 243 ரூபாய் கொடுக்கிறோம்! 600-ஐத் தாண்டினால் 9.45, 800-க்கு மேல் 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

மிச்சம் பிடிப்பதையும் இப்படித்தான் கணக்கிட வேண்டும். பழைய மின்விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பிஎல்டிசி விசிறி ஏறக்குறைய 30 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் குறையும். 600 யூனிட் ஓடும் வீட்டில் மூன்று விசிறிகளை மாற்றினால் 480. பில் 2,880-லிருந்து 1,679-க்கு இறங்குகிறது. சராசரி 4.80 என்று காட்டிய அதே வீட்டில், மிச்சமான ஒவ்வொரு யூனிட்டும் பத்து ரூபாய் பெறுகிறது. பிஎல்டிசி விசிறியைச் சுவர் ரெகுலேட்டர் வழியாக மட்டும் ஓட்டாதீர்கள். ரெகுலேட்டர் வெட்டித் தரும் மின்சாரத்தில் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள்.

ரீடிங் எடுக்கும் தேதியும் கவனிக்க வேண்டியது. நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60-ஆம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். 66-ஆம் நாள் எடுத்தால் 528 யூனிட், 2,275 ரூபாய். அடுத்த முறை 54 நாளிலேயே எடுத்தாலும் 302 ரூபாய்தான் குறையும், மீதி 294 திரும்பாது. ஆகவே வெள்ளை அட்டையில் போன ரீடிங் தேதியைப் பார்த்துக்கொண்டு, 30-ஆம் நாள் மீட்டரை நீங்களே ஒருமுறை படியுங்கள். திரையில் பல எண்கள் மாறிமாறி வரும். 'கேடபிள்யூஎச்' (kWh, அதாவது யூனிட்) என்று வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போன ரீடிங்கைக் கழித்து வருவது 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளில் இழுத்துப் பிடிக்கலாம். மாதாமாதம் கணக்கெடுத்தாலே பில் குறைந்துவிடும் என்ற பேச்சு பாதிதான் சரி. படிகளையும் பாதியாக்கிவிட்டால் தேதி தள்ளிப்போகும் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

ஏசியை 24-ல் வையுங்கள் என்பதை எல்லாரும் சொல்லியாயிற்று. யாரும் சொல்லாதது, ஒன்றுமே ஓடாதபோது மீட்டர் ஓடுகிறதா என்ற சோதனை. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். 3200 இம்பல்ஸ் (யூனிட்டுக்கு 3200 முறை மின்னும்) என்று அச்சிட்ட மீட்டரில் அது நிமிடத்துக்கு ஐந்து முறை மின்னினால் சுமார் 94 வாட் எங்கோ போகிறது. இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். மெயின் போர்டில் ஒவ்வொரு வழிக்கும் உள்ள எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள், எதை இறக்கும்போது விளக்கு மின்னுவது நிற்கிறதோ அந்த வழியில்தான் கோளாறு. கீசர் காயிலிலோ தண்ணீர் மோட்டாரிலோ மின்கசிவு இருக்கலாம். இன்வெர்ட்டரை மட்டும் தனியே போட்டும் பாருங்கள்: தண்ணீர் வற்றிய பழைய பேட்டரி நிரம்பவே நிரம்பாமல் நாள் முழுக்கச் சார்ஜ் இழுத்துக்கொண்டிருக்கும்.

போர்ஷன் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில் இன்னொரு வில்லங்கம், நியூட்ரல் கலப்பு: மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் இரண்டு போர்ஷனுக்கும் கலந்து கிடப்பது. இன்றைய மீட்டர்கள் மின்சாரம் வரும் ஃபேஸ், திரும்பும் நியூட்ரல் இரண்டையும் அளந்து எது கூடுதலோ அதைக் கணக்கில் எடுக்கும். பக்கத்துப் போர்ஷனின் நியூட்ரல் உங்கள் மீட்டர் வழியே திரும்பினால் அவர்கள் ஓட்டும் ஏசிக்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். உங்கள் மெயினை இறக்கிவிட்டு, பக்கத்தில் ஏதாவது அணைகிறதா, தடுமாறுகிறதா என்று பாருங்கள். அப்படி நடந்தால் மீட்டர் மேல் புகார் எழுதிப் பயனில்லை, வயரிங்கைப் பிரித்துக்கொடுக்க உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி