இறால் வடையைத் தூக்கிப் பிடித்த நானாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

போட்டிக்கான என் ஒட்டுப்படம் நேற்று இரவு 11.52க்குப் போய்ச் சேர்ந்தது. கெடு 12 மணி. செவ்வாய்க்கிழமை என் லெப்டொப் படுத்துவிட்ட கூத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த லெப்டொப்பின் பேரைச் சொல்லி இன்னொரு தடவை ஒப்பாரி வைக்கப் போவதில்லை.

கன பேருக்குக் கடன்பட்டிருக்கிறேன். தன் கணினியை மூன்று நாள் விட்டுத்தந்த அலுவலகத் தோழி, கடைக் கதவை இழுத்துவிட்டுப் பத்து மணிவரை என் ஹார்ட் டிஸ்க்கோடு மல்லுக்கட்டிய வெள்ளவத்தைத் தம்பி, அம்மம்மாவின் நரைமுடியை இழை இழையாக மாஸ்க் பண்ணி, அதாவது கணினியில் பின்னணியிலிருந்து வெட்டிப் பிரித்துத் தந்த மச்சாள் (நரைமுடியை வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்), எல்லோருக்கும் நன்றி. "ஒட்டுவேலையெல்லாம் ஒரு போட்டோவா?" என்று உசுப்பேற்றிய சித்தப்பாவுக்கும்தான். சித்தப்பா, 1857இலேயே ரெயிலாண்டர் என்றொருவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்திருக்கிறார். நம் கொழும்பிலேயே 1930களில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் இருட்டறைக்குள் இந்த விளையாட்டெல்லாம் விளையாடினவர்.

ஆனால் இந்த மடல் காலிமுகத்திடல் வடை வண்டி நானாவுக்கு.

யோசனை இதுதான்: கடல் ஒரு எண்ணெய்ச் சட்டி, மறைகிற சூரியன் அதில் பொரிகிற இறால் வடை, அதை அம்மம்மா கண்ணகப்பையால் அள்ளி எடுக்கிறா. எல்லாத் துண்டுகளும் நானே எடுத்த படங்களாக இருக்கவேண்டும் என்பது போட்டி விதி. வடையைச் சாப்பாட்டு மேசையில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்திருந்தேன். அம்மம்மாவை நடுமத்தியானம் மொட்டைமாடியில். ஒட்டினால் மூன்றும் மூன்று ஊர்க்காரர் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றன. ஏன் என்று விளங்கவில்லை.

புதன் மாலை நானாவிடம் வடை வாங்கும்போது போனில் அந்த அரைகுறையைக் காட்டினேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். வெங்காயம் அரிந்த கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது சரிவராது தங்கச்சி. சூரியன் அங்கால நிக்கிது. உம்மம்மாட முகத்தில எப்பிடி வெளிச்சம் விழுற? என்னப் பாருங்க."

கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். முகம் கறுப்பு. காதோரம் மட்டும் செம்பு நிறத்தில் மினுங்கியது. நிழல் என் காலடிவரை நீண்டு கிடந்தது. மூன்று வருடமாகக் கமரா தூக்கும் எனக்கு அதைச் சொல்லித்தர, வருடக்கணக்காக அந்த வெயிலுக்குள் நின்று வடை சுடும் ஒருவர் வேண்டியிருந்தது.

பிறகு, நான் கேட்காமலே, புதிதாக ஒரு வடையைப் போட்டார். அதை ஈர்க்கில் குத்தி, சூரியனுக்கு நேரே பிடித்தார். வடையின் விளிம்பு பற்றி எரிவதுபோல. இறால் வாலுக்குள்ளால் வெளிச்சம் ஊடுருவி வந்தது! வரிசையில் நின்றவர்களிடம் "பொட்டக் இன்ன" (கொஞ்சம் பொறுங்கள்) என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கை மாற்றி மாற்றி, சூரியன் முங்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம் அது. 1859இல் காலிமுகத்திடலின் இந்தக் கடலோர நடைபாதை பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத்தான் என்று கல்லில் பொறித்துவைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெண் தனியே முக்காலி விரித்தால் கூடி நின்று கேள்வி கேட்கிற கூட்டம் குறைவில்லை. அவர்களுக்கும் நானாதான் பதில்: "நம்மட தங்கச்சி, வேல செய்ய விடுங்க."

காசு நீட்டினேன். "படம் புடிச்ச வடைக்குக் காசா?" என்று கையைத் தட்டிவிட்டார்.

அடுத்த நாள் அம்மம்மாவை ஆறு மணிக்கு மீண்டும் மொட்டைமாடிக்கு ஏற்றினேன், முதுகுப் பக்கம் சூரியன் வரும்படி. முழங்கால் வலியோடு கண்ணகப்பையைத் தூக்கி நின்றா. "வடை எங்கயடி?" என்று கேட்டதைத் தவிர வேறு முறைப்பாடு இல்லை. இந்தமுறை ஒட்டியபோது எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை, கொஞ்சம் நிறம் தவிர.

இனி எந்தப் படத்தையும் இரண்டு இடத்தில் சேமிக்காமல் படுக்கப் போவதில்லை. இது அம்மம்மா தலையில் அடித்துச் செய்த சத்தியம், அவவுக்கு இன்னும் தெரியாது.

இன்று பின்னேரம் நானாவிடம் படத்தின் பிரிண்ட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டிக் கண்ணாடியில் ஒட்டுவதற்குமுன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி தங்கச்சி. கம்ப்யூட்டர்ல தானே செய்யிற, இறால இன்னம் கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கலாமே?"