எந்தக் கருவிக்கு என்று கேட்டுவிட்டு கார்டு கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் செல்போன் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். மெமரி கார்டு வேண்டும் என்று யார் வந்தாலும் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை ஜிபி? செல்போனுக்கு மட்டும் கார்டு விற்ற காலத்தில் அது போதும். இப்போது தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து ஓசூர் வரை பிள்ளைகள் கையில் கேம் கருவிகள் வந்துவிட்டன. இனி முதல் கேள்வி, எந்தக் கருவிக்கு என்பதாக இருக்க வேண்டும்.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 என்ற கேம் கருவிக்கு என்று சொல்லித்தான் 512 ஜிபி கார்டு கேட்டான். "இதுதான் இருக்கறதுலயே ஸ்பீடு" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். கார்டு அழகாக உள்ளே போனது, கேம் மட்டும் ஏறவில்லை. ஏறாதுதான். 2025 ஜூனில் வந்த அந்தக் கருவி, கார்டில் கேம் வைப்பதென்றால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புது வகைக் கார்டில் மட்டுமே வைக்கும். சாதாரண கார்டைப் போட்டால் பழைய ஸ்விட்சில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு கார்டுக்கும் அளவு ஒன்று, வடிவம் ஒன்று. திருப்பிப் பார்த்தால் எக்ஸ்பிரஸ் கார்டின் பின்புறம் தங்க நிறப் பட்டைகள் கூடுதலாக ஒரு வரிசை இருக்கும். திருப்பிக் கொண்டுபோனபோது, "சீல் பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்" என்றார்கள். பிரிக்காமல் எப்படிப் போட்டுப் பார்ப்பது?

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. 2017-இல் வந்த முதல் ஸ்விட்சுக்கும், ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவிக்கும் சாதாரண யுஎச்எஸ்-1 (கார்டும் கருவியும் தரவைப் பரிமாறும் ஒரு முறை) கார்டே போதும். அந்த முறையின் உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி. அட்டையில் 200 எம்பி என்று போட்டிருந்தால், அந்த வேகம் அதற்கென்று உள்ள கார்டு ரீடரில் கிடைக்கும், இந்தக் கருவிகளில் கிடைக்காது. பெரிய எண்ணைக் காட்டிக் கூடுதல் விலைக்கு விற்பது பொய் இல்லைதான், ஆனால் நியாயமும் இல்லை.

கேம் ஓடும்போது கருவி ஒரு பெரிய கோப்பை வரிசையாகப் படித்துக்கொண்டே போவதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சின்னச் சின்னத் துண்டுகளாக எடுக்கும். அதற்குப் பார்க்க வேண்டிய குறி ஏ1. நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் முடியும் என்பது அதன் பொருள். ஏ2 அதைவிட மேல், ஆனால் கருவியும் அதற்கு ஒத்துழைத்தால்தான் முழுப் பலன். வி30 என்பது தொடர்ந்து நொடிக்கு 30 எம்பி எழுதும் உறுதி. கல்யாண வீடியோ எடுப்பவர் வந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

சோனியின் பழைய கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் அது வேறு கதை. அதற்கு மெமரி ஸ்டிக் என்ற சோனியின் தனி வகைக் கார்டு வேண்டும், மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் டூப்ளிகேட் விஷயம். உங்களில் பலரும் தெரிந்து விற்பதில்லை என்று நம்புகிறேன், மொத்தமாக வாங்கும் இடத்திலேயே கலந்து வருகிறது. உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், கார்டை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரை மாற்றி எழுதி 512 என்று சொல்ல வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரும் 512 என்றே காட்டும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் வீண், ஏற்கெனவே இருந்ததும் அழியலாம். கேம் பாதியில் நின்றால் பையன் கருவியைத்தான் திட்டுவான். 512-க்கு 476 என்று காட்டினால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம், அது கணக்கு போடும் முறையில் வரும் வித்தியாசம்.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க நிரப்பிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் 512 ஜிபி கார்டை நொடிக்கு 30 எம்பி வேகத்தில் நிரப்பவே நாலே முக்கால் மணி நேரம் ஆகும். ஆடி மாதக் கூட்டத்தில் அதைக் கடையிலேயே செய்யுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் நாங்களே செய்துகொள்கிறோம். நீங்கள் செய்ய வேண்டியது, கருவியின் பெயரை பில்லில் எழுதி, கார்டு அதில் வேலை செய்யவில்லை என்றாலோ சோதனையில் தவறினாலோ ஒரு வாரத்துக்குள், சீல் பிரித்திருந்தாலும், திருப்பி எடுத்துக்கொள்வது.

இப்படிக்கு,
உங்கள் கடைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு பாலக்கோட்டுக்காரன்