ஐப்பசி மழைக்குப் பேய்ப் புத்தகங்கள்

மயூர் விஹார், டெல்லி
ஐப்பசி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். டாக்டர் சரி என்கிற வரைக்கும் எதையும் படிக்காதே. "மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்ப் போய் வருகிறது, பயப்படுகிற மாதிரி நாலு புத்தகம் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். உனக்கா இந்த ஆசை! ஹாஸ்டலில் ராத்திரி பாத்ரூம் போக என்னை எழுப்பித் துணைக்குக் கூட்டிப் போனவள் நீ.

இங்கே மழை இல்லை, புகைதான். காலையில் எதிர் பிளாக்கே தெரிவதில்லை. இவருக்கு இருமல் விட்டபாடில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படிப்பதைத் தவிர வேறு வேலை ஓடவில்லை, அதனால் நீ கேட்டது நல்ல நேரம்தான்.

மேல் வீட்டில் ஒரு வங்காளி அம்மா இருக்கிறார். காளி பூஜைக்கு முதல் நாள் ராத்திரி அவர்களுக்குப் பூத் சதுர்த்தசி. பதினாலு வகைக் கீரையைக் கலந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வீடு முழுக்கப் பதினாலு விளக்கு ஏற்றுகிறார்கள். பதினாலு தலைமுறை முன்னோர்கள் வருவார்களாம். அவர்களோடு வேண்டாததுகளும் வந்துவிடக் கூடாது என்பதற்கும் அதே விளக்குதான். மீன் திருடித் தின்பதற்கென்றே ஒரு பேய் வைத்திருக்கிறார்கள், கேட்டாயா? அந்த அம்மாதான் தாகூரின் 'பசித்த கற்கள்' கதையைத் திரும்பப் படிக்க வைத்தார். 1895இல் எழுதியது. பாழடைந்த அரண்மனையில் தங்குகிற ஆள் பருத்தி வரி வசூலிக்கிற சர்க்கார் உத்தியோகஸ்தன். பகலில் கோட்டு மாட்டிக்கொண்டு கணக்குப் பார்க்கிறான், ராத்திரியானால் நூற்றாண்டுகளுக்கு முன்னால் அங்கே வாழ்ந்த பெண்களின் கொலுசுச் சத்தத்துக்குக் காத்துக்கிடக்கிறான். காலையில் ஒரு பைத்தியக்காரன் "விலகிப் போ, எல்லாம் பொய்" என்று கத்திக்கொண்டே அரண்மனையைச் சுற்றுகிறான். கதையை ரயில்வே ஜங்ஷனில் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிடுகிறது, மிச்சம் நமக்குக் கிடைப்பதில்லை. தாகூர் பதினேழு வயதில் அகமதாபாத்தில் ஜட்ஜாக இருந்த அண்ணனோடு ஷாஹிபாக் அரண்மனையில் தங்கியிருக்கிறார். அந்த இடம்தான் கதையானது.

நம் ஆட்களில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' உன்னிடமே இருக்கும். 1943இல் வந்த கதை. நடுராத்திரியில் எங்கிருந்தோ வருகிற அந்த வாடையும், வீட்டோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பிச்சைக்காரியும் போதும், இன்றைக்கும் படித்து முடித்ததும் சமையலறை விளக்கை அணைக்க மனசு வராது. ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்'. இருட்டில் பயந்துபோன ஒருத்தி தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். விளக்கு வந்ததும் பார்த்தால் தோழி எட்டத்தில் வேறு கட்டிலில் இருக்கிறாள். அப்போது நான் யார் கையைப் பிடித்திருந்தேன் என்கிறாள். அவ்வளவுதான். ரத்தம் கிடையாது, கோரைப்பல் கிடையாது. நீ கரண்ட் இருக்கும்போது படி.

பயத்துக்கு நடுவில் சிரிக்க வேண்டுமானால் கலிங்கத்துப்பரணி. காலேஜில் நமக்குப் பாடமாக வைத்த நாலைந்து பாட்டைச் சொல்லவில்லை, முழுசாகப் படி. பட்டினி கிடக்கிற பேய்கள் காளியிடம் போய் முறையிடுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கடைசியில் போர்க்களத்தில் கூழ் காய்ச்சும்போது யானைத் தந்தத்தால் பல் விளக்கிக்கொண்டு பந்திக்கு வருகின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கவனிப்பு! அங்கே செத்தவன் பாடு என்ன என்று மட்டும் ஜெயங்கொண்டார் கேட்கவே மாட்டார், அது எனக்கு உறுத்துகிறது. ஜெயித்தவன் பக்கத்துக் கவி, வேறெப்படி இருக்கும்?

அந்த முறையீட்டைப் படித்தபோதுதான் பெரோஸ் ஷா கோட்லா ஞாபகம் வந்தது. இங்கே ஐ.டி.ஓ. சந்திப்புப் பக்கத்தில், பதினாலாம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் கட்டின கோட்டை. அடுத்த முறை நீ வந்தால் ஒரு வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன். இடிந்த மசூதிக்கு அடியில் இருட்டறைகள். சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும். ஊதுவத்திக்கும் ரோஜா இதழுக்கும் நடுவில் மாடம் மாடமாகக் காகிதங்கள். எல்லாம் ஜின்களுக்கு, அதாவது முஸ்லிம்கள் நம்புகிற கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்கு, எழுதின மனுக்கள்! வீட்டு முகவரி எழுதி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து அறைக்கு ஒரு நகல் வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வைக்கலாம், ஜாதி மதம் பார்ப்பதில்லை. காலமெல்லாம் செக்‌ஷனில் ஃபைல் தள்ளினவளுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. ஆனந்த் விவேக் தனேஜா என்கிற மானுடவியல்காரர் 2017இல் 'ஜின்னியாலஜி' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஜனங்கள் அங்கே கூட்டமாக வரத் தொடங்கினது 1977இல், எமர்ஜென்சி முடிந்த கையோடு என்கிறார். அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில்தான் துர்க்மான் கேட்டில் புல்டோசர் விட்டு வீடுகளை இடித்தார்கள், எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. கோட்லாவிலிருந்து அது நடந்து போகிற தூரம். சர்க்காரிடம் மனு கொடுத்துப் பயனில்லை என்று கண்டவர்கள் வேறு எங்கே போவார்கள்? கொஞ்சம் கனமான புத்தகம், ஆனால் விடாமல் படி.

கோட்லாவுக்கு எதிர்ப்பக்கம் கூனி தர்வாசா, ரத்த வாசல். 1857 செப்டம்பர் 22 அன்று, ஹுமாயூன் சமாதியில் சரணடைந்த, கடைசி மொகலாய பாதுஷா பகதூர் ஷாவின் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பேரனையும் ஹாட்சன் என்கிற வெள்ளைக்கார கேப்டன் அங்கே கொண்டுவந்து, துணியை உருவச் சொல்லித் தன் கையாலேயே சுட்டான். பிணங்களைச் சாந்தினி சவுக்கில் கொத்வாலி என்கிற போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டு வைத்தார்கள். சரித்திரக்காரர் வில்லியம் டால்ரிம்பிளின் 'தி லாஸ்ட் முகல்' படித்தால் அந்த செப்டம்பர் மாதம் முழுக்க உன் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். இப்போது பேய் பார்க்கக் கூட்டிப் போகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஆட்களை அந்தப் பக்கம் நடத்திப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் திரிலோக்புரி. காய்கறிக்கு அங்கேதான் போகிறோம், வேலைக்கு வரும் பெண்ணும் அங்கிருந்துதான் வருகிறாள். 1984 நவம்பர் முதல் இரண்டு நாளில் அங்கே 32ஆம் பிளாக்கில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். டெல்லி முழுக்கச் செத்தவர்கள் 2,733 பேர் என்று சர்க்கார் கமிட்டி கணக்குச் சொன்னது. மனோஜ் மிட்டாவும் எச்.எஸ். பூல்காவும் சேர்ந்து 2007இல் எழுதின 'வென் எ ட்ரீ ஷுக் டெல்லி' என்னிடம் இருக்கிறது. விசாரணை எப்படி நடந்தது, எப்படி நடக்காமல் போனது என்று முழுசாகச் சொல்கிறது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருக்களைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு பேய்க்கதை நான் கேட்டதில்லை. நூற்றைம்பது வருஷம் கழிந்த சாவென்றால் டிக்கெட் போடுகிறார்கள். சொந்தக்காரர்கள் கோர்ட்டு வாசலில் நிற்கிற சாவைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. பேய் வருவதற்குக் கூட ஊருக்குக் கொஞ்சம் மறதி வேண்டியிருக்கிறது போல.

நம் பக்கமும் அப்படித்தானே? கீழ்வெண்மணியில் 1968இல் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். அதை வைத்து வந்தது 'குருதிப்புனல்' நாவல். எழுதின இந்திரா பார்த்தசாரதி இதே டெல்லியில் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. நீ கேட்ட நாலில் இதையும் சேர்த்துக்கொள். பேய் இல்லை, ஆனால் தூக்கம் வராது.

இதில் எனக்கு ஒரு சந்தேகம், நீதான் தீர்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் அநியாயமாகச் செத்தவர்களைச் சாமியாக்கிக் கொடை கொடுத்து வில்லுப்பாட்டில் பாடுகிறோமே, அதற்கு எத்தனை வருஷம் ஆகிறது? இசக்கி கதையெல்லாம் ரொம்பப் பழசு. உங்கள் அப்பா காலத்தில் கொலையுண்டு, அதற்குள்ளேயே பீடம் போட்ட சாமி யாராவது உன் ஊரில் உண்டா? உங்கள் பெரியம்மாவுக்குத் தெரியும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பு, நீ திருத்தாதே.

தனேஜாவையும் பூல்காவையும் தபாலில் அனுப்புகிறேன். டால்ரிம்பிள் இரண்டாவது பிரதி மகிளா ஹாட்டில் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மலிவாகக் கிடைத்தால் அதுவும் வரும். தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019இல் கடைகளை அங்கே மாற்றிவிட்டார்கள், பழைய கும்மாளம் இல்லை. தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எழுது. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் கிடைத்ததா?

உன்
லோகா