வாரிசுச் சான்றில் மூன்று பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீ கேட்டதைப் போனில் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மா வீட்டை வாங்கப் பார்ட்டி ரெடி, அடுத்த மாதமே கிரயம் முடித்துவிடலாம் என்கிறாய். சரி. ஆனால் இப்போது யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதே.

வீட்டின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கத்தை நெட்டில் 1975-லிருந்து பார்த்துவிட்டாய், பழைய வங்கி அடமானம் ஒன்றுதான் நிற்கிறது என்கிறாய். கடன் என்றைக்கோ அடைத்தாயிற்று. வங்கிக்காரர் வந்து ரசீதுப் பத்திரம் பதிந்து கொடுத்தால் அது தீர்ந்தது. அம்மா பெயரும் இடிக்கிறது. கிரயப் பத்திரத்தில் அவள் அப்பா இனிஷியல், இறப்புச் சான்றிதழில் என் இனிஷியல். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க வேண்டும். அதற்கு நானே அலைந்துகொள்கிறேன். முட்டி எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம்.

வில்லங்கத்தில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அம்மா தன் பெயரில் வாங்கிய வீடு, உயில் எழுதவில்லை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி எனக்கும் உனக்கும் அக்காவுக்கும் சம பங்கு. இப்படி வருகிற பங்குக்குப் பத்திரம் எதுவும் பதிவதில்லை, நெட்டில் எப்படித் தெரியும்? தாலுகா ஆபீஸ் கொடுத்த வாரிசுச் சான்றை எடுத்துப் பார், மூன்று பெயர். வாங்குகிறவர் லோன் போட்டால் வங்கி வக்கீல் முதலில் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.

"அவளுக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்றாய். போட்டது நான். நகை போட்டதால் பங்கு போய்விடாது. அவள் விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒன்று, 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. இல்லையென்றால் கிரயத்தில் அவளும் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்வாள். எது என்று நான் கேட்கப் போவதில்லை. நீதான் கேட்க வேண்டும்.

துபாயில் அத்தனை பேரை வேலை வாங்குகிறாய் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவளுக்கு ஒரு போன் போட உனக்கு வரவில்லை. அம்மா திவசத்துக்கும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தீர்கள். பந்தியில் பரிமாறியவர்கள்கூடக் கவனித்தார்கள்.

கிரயத்துக்கு நீ வர முடியாவிட்டால் உனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட கன்சுலேட்டில் பவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைக்க வேண்டும், தேதியைக் குறித்துக்கொள். நேரில் வந்தால் இன்னும் நல்லது. லீவு கிடைக்காதா?

அட்வான்ஸ் வாங்கவில்லையே? வாங்கியிருந்தால் அதையாவது மறைக்காமல் சொல்.

அக்கா நம்பர் மாறிவிட்டது. புதுசு கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடு, மாப்பிள்ளை கடையடைத்து வருவதற்குள் பேசிவிடலாம். பத்திரம் பற்றி எடுத்த எடுப்பில் ஆரம்பிக்காதே. சின்னவள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள், அதை முதலில் கேள்.

இப்படிக்கு,
அப்பா