வெட்டுவதற்கு முன் கிரவுண்டைப் பாருங்கள்: வாகன வாக்கி டாக்கி வைத்திருப்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டு இறுதி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் கடைக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். "ஆஃபீஸ் பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கலை." சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஓடும் லாரி, விமான நிலைய வேன், பழுது வண்டி இழுக்கும் டிரக் எதுவானாலும் கதை அதேதான். வாக்கி டாக்கிச் செட்டில் கோளாறு என்று நினைத்துச் செட்டை மட்டும் கழற்றி எடுத்து வருவார்கள். மேசையில் வைத்துச் சோதித்தால் செட் நன்றாகவே வேலை செய்யும். சிலர் ஒரு படி மேலே போய், யாரோ சொன்னார்கள் என்று ஆன்டெனாக் கம்பியையும் கொஞ்சம் வெட்டிவிட்டு வருகிறார்கள்.

அந்த இரண்டாவது வேலையை நிறுத்தச் சொல்லத்தான் இந்த மடல். ஆன்டெனாவை வெட்டினால் மறுபடி ஒட்ட முடியாது. எங்களிடம் வரும் வண்டிகளில் கம்பியின் நீளத்தில் குறை இருப்பது அபூர்வம். கம்பி நிற்கும் இடத்தில்தான் குறை இருக்கும்.

வண்டியில் நிற்கும் கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) பாதி ஆன்டெனாதான். மறுபாதி அதன் கீழே இருக்கும் இரும்புத் தகடு, அதைத்தான் கிரவுண்டு என்கிறோம். கூரைத் தகட்டோடு அது சரியாகச் சேராவிட்டால் ஒற்றைக் காலில் நிற்கிற ஆளைப் போலத் தடுமாறும். செட் அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி காற்றில் போகாமல் கேபிள் வழியாகவே திரும்பி வரும். அதை அளக்கிற அளவுதான் எஸ்டபிள்யூஆர். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, கவலை இல்லை. 2 என்றால் 11 சதவீதம். 3 ஆகிவிட்டால் கால்வாசி சக்தி திரும்பி வருகிறது. இந்தக் காலத்துச் செட்டுகள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும், பழைய செட்டாக இருந்தால் டிரான்சிஸ்டர் சூடாகிப் போய்விடும். கேட்பது கேட்கும், பேசுவது போகாது என்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் லைசென்ஸில் இருக்கும் சேனல்களில், அலைவரிசை மிகக் குறைந்ததையும் (கீழ்ச் சேனல்) மிகக் கூடியதையும் (மேல் சேனல்) அளந்து பாருங்கள். கீழ்ச் சேனலில் நல்ல அளவும் மேல் சேனலில் மோசமும் காட்டினால் கம்பி நீளம் அதிகம். மாறிக் காட்டினால் குறைவு. எல்லாச் சேனலிலும் ஒரேயடியாக மோசமாக இருந்தால் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கிரவுண்டையோ கேபிளையோ பாருங்கள். கேபிளைக் கையில் பிடித்து அசைக்கும்போது முள் ஆடினாலும் அப்படித்தான். கேபிளின் வெளிப்பக்கத்தில் அலை ஓடுகிறது, கிரவுண்டு சரியில்லை.

சரி, எங்கே பார்ப்பது? கேபின் சாய்கிற லாரிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது பக்கக் கண்ணாடியைத் தாங்கும் தண்டு. ஆன்டெனா மாட்டும் பட்டையை அந்தத் தண்டில் இறுக்கியிருப்பார்கள். போல்ட் கல் மாதிரி இருக்கும், ஆட்டினால் ஆடாது. ஆனால் போல்ட்டைக் கழற்றிப் பட்டையை நகர்த்தினால் அடியில் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும். பல லாரிகளில் தண்டுக்கும் கதவுக்கும் நடுவில் ரப்பர் வேறு. கதவு உடம்போடு சேருவது கீல் வழியாக, அந்தக் கீலில் கிரீஸ். ஆன்டெனா பிடிப்பாக நிற்கிறது, மின்சாரத்துக்கு மட்டும் வழியே இல்லை.

செய்ய வேண்டியது இது. பட்டை உட்காரும் இடத்தில் வெள்ளை இரும்பு தெரிகிற வரை பெயின்டைச் சுரண்டுங்கள். பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். மல்டிமீட்டரில் ஆன்டெனா அடிப்பாகத்துக்கும் கேபின் உடம்புக்கும் நடுவே பூஜ்யத்தை ஒட்டிய ஓம் வர வேண்டும். அப்புறம் மேலே கிரீஸோ பெயின்டோ பூசி மூடுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு விரைவிலேயே துரு ஏறிவிடும். கதவிலிருந்து கேபினுக்கும், ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் கேபினிலிருந்து சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) பின்னல் செம்புப் பட்டை போடுங்கள். குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். நீளமான ஒல்லி வயர் ஒன்றை இழுத்து பேட்டரி நெகட்டிவில் கட்டிவிட்டு "கிரவுண்டு கொடுத்தாச்சு" என்பவர்களைப் பார்க்கிறோம். மல்டிமீட்டருக்கு அது போதும், வானலைக்குப் போதாது. அந்த அலைவரிசையில் நீள வயர் கிட்டத்தட்ட இன்னொரு ஆன்டெனா.

காந்த அடிப்பாகம் வைத்திருப்பவர்கள் பெயின்டைச் சுரண்ட வேண்டாம். அது பெயின்டைத் தாண்டியே வேலை செய்யும். ஆனால் அடியில் மணலும் துருவும் சேர்ந்தால் இடைவெளி கூடிவிடும். வண்டி கழுவும்போது அதையும் எடுத்துத் துடையுங்கள். வைப்பதற்கு நல்ல இடம் கூரை நடு. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் சுமாராகவும் போகும். அலுமினியப் பெட்டி லாரியில் காந்தம் ஒட்டாது, குளிர்பெட்டி லாரியின் ஃபைபர் கூரையிலும் ஒட்டாது, வேறு வழியில் ஒட்டவைத்தாலும் பயனில்லை. அங்கே அடியில் ஒரு இரும்புத் தகடு வைக்கலாம். 450 மெகாஹெர்ட்ஸில் எல்லாப் பக்கமும் 16 சென்டிமீட்டர் இருந்தால் போதும். இல்லையென்றால் தகடு தேவைப்படாத அரை அலை ஆன்டெனா வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் மாதாமாதம் எங்களிடம் வருவதைவிட மலிவு.

அடுத்தது கேபிள். மழைக்கும் புகாருக்கும் உள்ள உறவு இங்கேதான். ஆன்டெனா முனையில் கனெக்டரின் ரப்பர் மூடி வெடித்திருக்கும். கேபிளை ஒரு விரற்கடை உரித்தால் செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய பின்னல் பச்சையாகவோ கருப்பாகவோ இருக்கும், தொட்டால் உதிரும். தண்ணீர் அந்தப் பின்னல் வழியாகவே திரிபோல உள்ளே ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கெட்ட கேபிள் எஸ்டபிள்யூஆரை நல்லதாகக் காட்டும். திரும்பி வரும் சக்தியையும் கேபிளே தின்றுவிடுவதால் மீட்டருக்குத் தெரியாது. 3 டெசிபெல் இழப்புள்ள, அதாவது பாதி சக்தியைத் தின்னும் கேபிளின் முனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் மீட்டர் 3-ஐத் தாண்டாது. அதனால் மீட்டரை முடிந்தவரை ஆன்டெனா பக்கம் வைத்து அளப்பது நல்லது. நல்ல நிலையில் இருக்கும் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளே 450 மெகாஹெர்ட்ஸில் 5 மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தியை விழுங்கும். மிச்சமான கேபிளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள், வேண்டிய நீளத்துக்கு வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். யோசிக்காமல் வெட்டலாம் என்று நாங்கள் சொல்வது இதை மட்டும்தான். செட்டுக்கு வேண்டியது 50 ஓம் கேபிள், டிவி கேபிள் 75 ஓம், அதை இங்கே பயன்படுத்த வேண்டாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்தத்தின் உயரத் தடுப்பில் கம்பி இடித்துவிட்டதா? கம்பி நேராகத் தெரிந்தாலும் அடிப்பாகத்தின் திருகு தளர்ந்திருக்கும். ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

இன்ஜின் வேகம் கூடக்கூட "ஙொய்ங்" என்று சத்தம் ஏறினால் அது ஆல்டர்னேட்டர் இரைச்சல், ஆன்டெனாவைத் தொடாதீர்கள். பாசிட்டிவ் வயரை ஃபியூஸோடு நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள். 24 வோல்ட் லாரி என்றால், அதை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டரையும் சந்தேகப்படுங்கள், மலிவான கன்வெர்ட்டர் இரைச்சலைத் தானே உண்டாக்கும்.

இத்தனையும் சரியாக இருந்து, மேல் சேனலில் மட்டும் அளவு கூடினால் அப்போது கம்பியை வெட்டலாம். 450 மெகாஹெர்ட்ஸில் கால் அலைக் கம்பி சுமார் 16 சென்டிமீட்டர்தான். அதில் 1 மில்லிமீட்டர் குறைத்தால் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். கட்டிங் பிளையர் வேண்டாம், அரத்தால் தேயுங்கள். 150 மெகாஹெர்ட்ஸில் கம்பி சுமார் 48 சென்டிமீட்டர், 1 மில்லிமீட்டருக்கு 0.3 மெகாஹெர்ட்ஸ்தான் நகரும், அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். எதுவானாலும் பட்டறைக் கூரைக்கு அடியிலோ இன்னொரு லாரியை ஒட்டியோ நின்று அளக்காதீர்கள். வெட்டவெளியில் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, குறைந்த சக்தியில், சேனலில் யாரும் பேசாதபோது சில நொடி மட்டும் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது கம்பியில் யார் கையும் படக்கூடாது.

எங்களிடம் கொண்டுவருவதானால் செட்டை மட்டும் கழற்றி எடுத்து வராதீர்கள், வண்டியோடு வாருங்கள். ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) கொடுத்த லைசென்ஸின் நகலும் வேண்டும், அதில் உள்ள அலைவரிசைக்குத்தான் நாங்கள் ட்யூன் செய்வோம். கிரவுண்டு, கேபிள் பார்க்கும் வேலைக்கு முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, காலையில் வந்தால் பெரும்பாலும் மதியத்துக்குள் ஓட்டிப் போகலாம். கூரையில் துளை போட்டு நிரந்தரமாக மாட்டுவதற்கு மட்டும் ஒரு நாள் முன்னால் தெரிவியுங்கள். வண்டி வாடகை வண்டியாக இருந்தால் துளை போடச் சம்மதம் என்று முதலாளியிடமிருந்து எழுத்தில் வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து உங்கள் பழுதுபார்ப்புப் பிரிவு