கறிவேப்பிலை போனால் போகட்டும், 'நோ' போட்டதுதான் தப்பு

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிற பெரியவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முப்பது வருஷம் வகுப்பில் நின்று 'கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு எழுது' என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

மகளின் பேறுகாலத்துக்காக மெல்போர்ன் போனோம். பெட்டியில் பிரசவ லேகியம், ஓமம், சுக்கு, மல்லி, மிளகாய் வற்றல், துணியில் சுற்றிய கறிவேப்பிலை, போதாக்குறைக்கு எதிர்வீட்டு அக்கா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாடு. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், "ஃப்ளைட்ல ஒரு கார்டு தருவாங்க சார், எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க, சீக்கிரம் வெளியே வந்துடலாம்" என்றார். நானும் படிக்காமலே வரிசையாக நோ, நோ, நோ. மனைவியின் கார்டையும் நானே நிரப்பி அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன்.

ஆஸ்திரேலியாவுக்குள் என்னென்ன கொண்டுவருகிறோம் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற கார்டு அது. அதில் இறைச்சி, மீன், முட்டை, பால் பொருள், பழம், காய்கறி இருக்கிறதா என்று ஒரு கேள்வி. தானியம், விதை, செடியின் பாகம், நாட்டு மருந்து, மூலிகை, மரச்சாமான் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. நம் வீட்டிலிருந்து கிளம்புகிற எந்தப் பெட்டி இந்த இரண்டுக்கும் தப்பும், சொல்லுங்கள்?

மெல்போர்ன் விமான நிலைய எக்ஸ்ரேயில் பெட்டி மாட்டியது. அதிகாரி சத்தம் போடவில்லை, ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, கார்டைக் காட்டி "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டார். தெரியாமல் போட்டேன் என்றது எடுபடவில்லை. பெட்டி என் பெயரில் இருந்ததால் அபராதம் எனக்கு, அது என் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. பக்கத்து மேசையில் ஒரு மலையாள அம்மா, எங்களுடையதைவிடப் பெரிய பெட்டி, ஆனால் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி 'யெஸ்' போட்டிருந்தார். ஆகாததை எடுத்துக்கொண்டு, நேந்திரங்காய் சிப்ஸை அவர் கையிலேயே கொடுத்து, பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒரு பைசா அபராதம் இல்லை.

ஒரு பிடி மல்லிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான். அப்புறம் மாப்பிள்ளை உட்கார வைத்துச் சொன்னார். காப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறதாம், நம் நாட்டுப் பூச்சிதான். அதன் புழு தீனி இல்லாமலே வருஷக்கணக்கில் இடுக்கில் ஒளிந்து உயிரோடு இருக்கும், ஒரு முறை தானியக் கிடங்கில் புகுந்துவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு. கோதுமையை உலகமெல்லாம் விற்கிற நாடு பயப்படாமல் என்ன செய்யும்? அதனால்தான் அரிசி, துவரம்பருப்பு, சீரகம், மல்லி, காய்ந்த மிளகாயைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவர 2020 முதல் தடை. கறிவேப்பிலைக்கும் காரணம் இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் ஒரு நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் முட்டையிட்டுப் பெருகும். நாம் தாளிப்பதைப் பற்றி நினைக்கிறோம், அவர்கள் தோட்டத்தைப் பற்றி நினைக்கிறார்கள்.

மாட்டுவது நம் ஆட்கள் மட்டும் என்றும் இல்லை. 2022இல் பாலியிலிருந்து டார்வினில் வந்து இறங்கிய ஒரு பயணி, முட்டையும் இறைச்சியும் வைத்த இரண்டு பன்னையும் பன்றி இறைச்சி (ஹாம்) வைத்த ஒரு குரோசாண்ட் ரொட்டியையும் பையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. மோப்ப நாய் கண்டுபிடித்துவிட்டது. அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். இந்தோனேசியாவில் மாடுகளைத் தாக்கும் கோமாரி நோய் பரவிக்கொண்டிருந்த நேரம் அது, இறைச்சி வழியாகவும் அது வந்துவிடும் என்ற பயம்.

பணத்தையாவது எப்படியாவது கட்டிவிடலாம். 2019 ஏப்ரலிலிருந்து, இப்படிச் சொல்லாமல் கொண்டுவருகிறவர்களின் விசாவையே விமான நிலையத்தில் ரத்து செய்யலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில், பத்து கிலோவுக்கும் மேல் சாப்பாட்டுப் பொருள், அதில் பச்சைப் பன்றி இறைச்சியும் சேர்த்து, சொல்லாமல் கொண்டுவந்த ஒரு வியட்நாம் பெண்ணைச் சிட்னியிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருஷத்துக்கு மறுபடி விசா கேட்கவும் முடியாது. பேரக்குழந்தையைப் பார்க்கப் போய் இப்படித் திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஊர் திரும்பியதும் அந்த ஏஜென்ட்டிடம் போய்க் கேட்டேன். "மத்தவங்க எல்லாம் அப்படித்தான் சார் போட்டுட்டுப் போறாங்க, உங்களுக்கு நேரம் சரியில்லை" என்கிறார். இவரை நம்பி இன்னும் எத்தனை பேர் நோ போடப் போகிறார்களோ.

உங்கள் பத்திரிகையின் பயணப் பகுதியில், கோடை விடுமுறைக்கு முன்னால், அந்தக் கார்டில் இருக்கும் கேள்விகளைத் தமிழில் ஒரு தடவை அப்படியே போட்டுவிடுங்கள். பெரிய எழுத்தில் போட்டால் இன்னும் நல்லது, எங்களில் பாதிப் பேர் ஃப்ளைட்டில் கண்ணாடியைத் தேடிக்கொண்டுதான் இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி